பாபிலோனில் வீடு கட்டுங்கள்: வாசகர் கேள்வி – போதகர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு சொற்களில் ஒரே பாரத்தைச் சுமந்து வந்திருந்தன. தேவனைத் தேடாத ஓர் உலகத்தின் நடுவில் விசுவாசத்தோடு வாழ்வது எப்படி என்பதே அந்தப் பாரம். அவற்றில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நாளுக்கு நாள் சமுதாயம் தேவபயமற்றதாகிக்கொண்டே போகிறது. பொய்யும் இச்சையும் பண ஆசையும் பாவமாகவே எண்ணப்படாத காலம் வந்துவிட்டது. வேலைக்கு அப்பால் உலகத்தாரோடு எந்தப் பழக்கமும் வேண்டாம், ஆண்டவரின் வருகைவரை ஒதுங்கியிருப்போம் என்கிறார்கள் எங்கள் சபையின் மூத்தவர்கள். இளைஞர்களோ, பாவத்தைப் பகிரங்கமாகக் கண்டித்துக் குரல் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எது வேதத்துக்கு ஏற்றது?

பதில்: அன்புள்ள சகோதரரே, உங்கள் மனவேதனையை நான் மதிக்கிறேன். சோதோமில் குடியிருந்த லோத்து, தான் கண்டும் கேட்டும் வந்த அக்கிரமங்களினிமித்தம் நாள்தோறும் தன் ஆத்துமாவில் வாதிக்கப்பட்டான் என்று பேதுரு எழுதுகிறார். அந்த வாதை நம்மிடம் இருக்கும்வரை நல்லது. அது மரத்துப்போனால்தான் பயப்பட வேண்டும். ஆனால் முன்னொரு காலத்தில் உலகம் தேவபக்தியாய் இருந்தது போலவும், நம் தலைமுறையில்தான் கெட்டுப்போனது போலவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாத குழந்தையைப் பிறந்தவுடன் வெளியே போட்டுவிடுவது குற்றமாகக் கருதப்படாத, மனிதர் ஒருவரையொருவர் வெட்டிச் சாவதை வேடிக்கை பார்க்க அரங்கம் கட்டிய, பேரரசனின் சிலைக்குத் தூபம் காட்டிய ஓர் உலகத்தில்தான் சபை பிறந்தது; அங்கேதான் வளர்ந்தது.

உங்கள் சபையில் எழுந்திருக்கிற இந்தக் கேள்வி சபையைவிடப் பழையது. கி.மு. 597-இல் யூதாவின் ராஜாவாகிய எகோனியாவும் எருசலேமின் கைவினைஞர்களும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட பின், அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று முழங்கினான். கேட்க எவ்வளவு இனிமையான செய்தி! எரேமியாவோ சிறைப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: எழுபது வருஷம் ஆகும், ஆகையால் “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.” இதற்குமேல் அவர் சொன்னதுதான் அந்த மக்களுக்கு விழுங்க முடியாததாய் இருந்திருக்கும். தங்களைச் சிறைப்படுத்தின அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம்பண்ண வேண்டும் என்றார். வீடு கட்டுகிறவன் ஒதுங்கி வாழ்கிறவன் ஆக மாட்டான்; தன் பட்டணத்துக்காக ஜெபிக்கிறவன் அதைச் சபித்துக்கொண்டிருக்கவும் மாட்டான்.

ஆண்டவர் தம் சீஷருக்காகச் செய்த ஜெபமும் இதே திசையில்தான் இருக்கிறது. தம்முடையவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டாமல், தீமையினின்று காக்கும்படியே அவர் பிதாவை வேண்டிக்கொண்டார். கொரிந்து சபையாரோ பவுலின் ஓர் எச்சரிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு, உலகத்துப் பாவிகளை விட்டு விலக வேண்டும் என்று எண்ணியபோது, அப்படியானால் நீங்கள் உலகத்தைவிட்டே போக வேண்டியதாயிருக்குமே என்று அவர் திருத்தினார். “புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?” என்றும் கேட்டார். சகோதரன் என்று சொல்லிக்கொண்டே பொருளாசையிலும் வேசித்தனத்திலும் நடக்கிறவனைப் பற்றித்தான் அவர் கண்டிப்பாக எழுதினார். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம்: வெளியே இருப்பவர்களைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம், உள்ளே இருப்பதைப் பார்த்துக் கண்களை மூடிக்கொள்கிறோம்.

பேதுருவின் முதலாம் நிருபம் பொந்து, பித்தினியா முதலிய நாடுகளில் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. பின்னர் கி.பி. 112-ஐ ஒட்டி, அதே பித்தினியா–பொந்து மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற ரோம ஆளுநர், கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் நமக்கு நண்பர் அல்லர். சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாக அவரே எழுதுகிறார். ஆனாலும் விசாரணையில் தெரியவந்தது இவ்வளவுதான்: இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தேவனாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, கொள்ளையிடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, தங்களிடம் ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். கடைசியாகச் சொன்னதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்பது அவர்களுடைய ஆராதனைக் கூட்டத்தின் உறுதிமொழிகளில் ஒன்று! ஒதுங்கி வாழ்கிறவர்களிடம் யாரும் பொருளைக் கொடுத்து வைப்பதில்லை. உலகத்தாரோடு கொடுக்கல் வாங்கல் இருந்ததால்தான் அப்படி ஓர் ஆணை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

உங்கள் மூத்தவர்களின் பயமும் இளைஞர்களின் வைராக்கியமும் எனக்குப் புரிகின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. அநீதியால் பலவீனர் நசுக்கப்படும் இடத்தில் சபை வாய் திறக்கத்தான் வேண்டும். ஆனால் இரு சாராரையும் ஒன்றாக உட்காரவைத்து, நம் சபையைச் சேராத ஒருவர் நம்மில் யாரையாவது நம்பித் தம் பணத்தையோ பிள்ளையையோ ஒப்படைப்பாரா என்று கேளுங்கள். அங்கிருந்து உங்கள் உரையாடல் தொடங்கட்டும்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சில மாதங்களாக, வந்து சேராத பொருள்களை வந்ததாகப் பதிவு செய்யும்படி மேலதிகாரி சொல்கிறார். இரண்டு முறை செய்துவிட்டேன். எல்லா இடத்திலும் இப்படித்தான், உத்தமனாக இருந்தால் பிழைக்க முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். ராஜினாமா செய்யத்தான் வேண்டுமா?

பதில்: சகோதரரே, நீங்கள் மறைக்காமல் எழுதியதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன். என் வாழ்க்கையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் நின்றுகொண்டு உங்களுக்குப் புத்தி சொல்கிறவனாக என்னை நீங்கள் எண்ணக்கூடாது.

ஊழியத்துக்கு வருமுன் நான் ஒரு கிடங்கில் சரக்குப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாலையில் 40 மூட்டைகள் இறங்கின லாரிக்கு 50 என்று எழுதச் சொன்னார் பொறுப்பாளர். பேனா தாளின் மேல் நின்றது. 4 என்று எழுத ஆரம்பித்திருந்த கோட்டை 5 ஆக வளைத்தேன். அந்த எண் மட்டும் மற்ற எண்களைவிடத் தடித்துத் தெரிந்தது. அன்றிரவு குடும்ப ஜெபத்தில் எனக்கு வாய் திறக்கவில்லை. என் மனைவிதான் ஜெபித்து முடித்தாள். முதல் முறை பொறுப்பாளர் என்னிடம் கெஞ்சிக் கேட்டார். மூன்றாம் முறை கட்டளையிட்டார். ஐந்தாம் முறை அவர் எதுவும் சொல்லவில்லை. நானே எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஏழு மாதம் கழித்து, இனித் தாங்க முடியாமல், உரிமையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுப்பாளரோடு சேர்த்து என்னையும் வேலையிலிருந்து நிறுத்தினார். அது நியாயமே. அடுத்த இரண்டு ஆண்டுகள் எங்கள் குடும்பத்துக்கு மிகவும் நெருக்கடியாக இருந்தன. ஆகையால் உண்மை சொன்னால் உடனே உயர்வு கிடைக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பாபிலோன் ராஜாவின் பொற்சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள். “விடுவிக்காமற்போனாலும்” என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராஜினாமா செய்வதா வேண்டாமா என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, எந்த இடத்தில் நிற்கப்போகிறோம் என்பது. தானியேலைப் பாருங்கள். பாபிலோன் ராஜாவின் அரமனையில் சேர்ந்தான். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். பெல்தெஷாத்சார் என்று அந்நிய தேவனின் பெயரையொட்டித் தனக்கு இட்ட பெயரையும் சுமந்தான். இவற்றில் எதையும் அவன் மறுத்ததாக எழுதப்படவில்லை. ராஜாவின் போஜனத்தில் மட்டும், தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டான். அந்தத் தீர்மானம் போஜன மேசையில் உட்கார்ந்த பிறகு எடுக்கப்பட்டதன்று என்பதைக் கவனியுங்கள்.

பேனா தாளைத் தொட்ட பிறகு எடுக்கும் தீர்மானம் பெரும்பாலும் தோற்றுப்போகும். என் அனுபவம் அதுதான். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓய்வுநாளில் ஓட மறுத்த எரிக் லிடலைப் பற்றி நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கடைசி நேரத்தில் எடுத்த வீரமான முடிவாக அதைச் சொல்வது வழக்கம். உண்மையில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது என்பது மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவரும் அப்போதே முடிவு செய்து, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, அதில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். மறுப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டுமோ, மறுத்தபின் என்ன செய்யலாம் என்று அமைதியாக ஆயத்தப்படுவதற்கும் அவ்வளவு உறுதி வேண்டும்.

ஆகையால் அடுத்த முறை அவர் கேட்பதற்காகக் காத்திருக்காதீர்கள். நீங்களாகவே தனியாக அவரைச் சந்தித்து, குரலை உயர்த்தாமல், “பொருள் வந்ததற்கான ரசீது கையில் கிடைத்தால் அன்றைக்கே பதிவு செய்துவிடுகிறேன் ஐயா, அது இல்லாமல் இனி என்னால் எழுத முடியாது” என்று சொல்லுங்கள். பிறரைக் குற்றவாளியாக்கும் பேச்சு அதில் வேண்டாம். தானியேலும் பிரதானியிடம் சண்டையிடவில்லை. பத்து நாள் சோதித்துப் பாரும் என்று, அந்த அதிகாரிக்கும் ஆபத்தில்லாத ஒரு வழியைத்தான் காட்டினான். ஏற்கெனவே எழுதிய இரண்டு பதிவுகளையும் விட்டுவிட முடியாது. பொய்க் கணக்கு பாவம் மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. ஒரு வழக்கறிஞரிடம் கலந்துகொண்டு, யாரிடம் எப்படித் தெரிவிப்பது என்று அறிந்து, அதையும் சரி செய்யுங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். நான் ஏழு மாதம் தனியாகச் சுமந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வீட்டுச் செலவைக் குறைத்துச் சில மாதங்களுக்குச் சேமித்து வைப்பதும், வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதும் அவிசுவாசம் ஆகாது.

மறுத்த பிறகும் அங்கேயே வேலை செய்ய விட்டால், செய்யுங்கள். தவறு நடக்கும் இடத்தில் இருப்பதும் தவற்றைத் தன் கையால் செய்வதும் ஒன்றல்ல. ஆகாப் ராஜாவின் அரமனையில் விசாரிப்புக்காரனாக இருந்துகொண்டேதான் ஒபதியா நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்து வைத்துப் பராமரித்தான். தீர்க்கதரிசிகளைக் கொன்ற ராணி யேசபேலின் கீழ் எப்படி வேலை பார்க்கலாம் என்று வேதம் அவனைக் குற்றப்படுத்தவில்லை. சிறுவயதுமுதல் கர்த்தருக்குப் பயந்தவன் என்ற அவனுடைய வார்த்தையைத்தான் பதிவு செய்திருக்கிறது.

உங்கள் சபைப் போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உத்தமமாய் நடந்ததற்காக ஒருவன் வேலை இழந்தால், அவன் வீட்டு வாடகையைச் சபை கவனித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் நேர்மையைப் பிரசங்கித்துவிட்டு, நேர்மையாய் இருந்து கஷ்டப்படுகிறவனை ஜெபக்குறிப்பில் மட்டும் வைத்துக்கொள்வது எனக்கு மிகுந்த துக்கத்தைத் தருகிறது. எங்கள் நெருக்கடியின் நாட்களில், சபையிலிருந்த ஒரு விதவைத் தாயார் எட்டு மாதம் எங்கள் பிள்ளையின் படிப்புச் செலவைக் கொடுத்தார். அந்த உதவி இல்லாதிருந்தால் நான் மறுபடியும் அதே மாதிரியான பதிவேட்டின் முன் உட்கார்ந்திருப்பேனோ என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: எங்கள் மகனுக்கு இருபது வயது. கல்லூரிக்குப் போன இரண்டாம் ஆண்டில், தேவன் இருக்கிறார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டான். ஆராதனைக்கும் வருவதில்லை. நானும் கணவரும் தினமும் அவனோடு வாதாடுகிறோம், அழுகையில்தான் முடிகிறது. சமுதாயம் எங்கள் பிள்ளையைப் பறித்துக்கொண்டதாக உணர்கிறேன்.

பதில்: சகோதரி, உங்கள் கண்ணீருக்கு என்னிடம் எளிதான ஆறுதல் இல்லை, பலன் எப்போது வரும் என்று சொல்லவும் நான் தீர்க்கதரிசி அல்லன். ஆனால் வாதாட்டத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பின்னாளில் சபையின் பெரிய ஆசிரியரான, கி.பி. 354-இல் பிறந்த அகுஸ்தீன், தன் தாய் மோனிக்காளின் விசுவாசத்தை விட்டு, மானிகேயர் என்ற கூட்டத்தாரோடு சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்தார். என் மகனோடு பேசித் திருத்துங்கள் என்று அந்தத் தாய் ஒரு பேராயரிடம் கெஞ்சினார். அந்தப் பேராயரே சிறுவயதில் அந்தக் கூட்டத்தில் வளர்ந்து, தாமே வாசித்து உணர்ந்து வெளியே வந்தவர். அவர் மறுத்துவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்றார். இத்தனை கண்ணீரின் மகன் கெட்டுப்போக முடியாது என்று அவர் சொன்னதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். “விட்டுவிடுங்கள்” என்று அதற்கு முன் சொன்னதை மறந்துவிடுகிறோம். 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதலின் பண்டிகைக்கு முந்தின இரவில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். தாய் அதைக் கண்டுவிட்டு அதே ஆண்டில் மரித்தார்.

தோமாவின் காரியத்திலும் நான் கவனித்த ஒன்று உண்டு. ஆண்டவரைக் கண்டோம் என்று மற்றச் சீஷர்கள் சொன்னபோது, நான் விசுவாசிக்கமாட்டேன் என்று அவன் நேராகவே சொல்லிவிட்டான். எட்டு நாளைக்குப் பிறகு கதவுகள் பூட்டியிருந்த அந்த வீட்டுக்குள்ளே அவர்களோடு தோமாவும் இருந்தான் என்று யோவான் எழுதுகிறார். அந்த எட்டு நாளும் அவனை யாரும் வெளியே தள்ளவில்லை, அவனும் போய்விடவில்லை. ஆண்டவர் வந்தபோது அவன் வீட்டுக்குள் இருந்தான். உங்கள் மகனும் வீட்டுக்குள் இருக்கட்டும். அவன் கேள்விகளைச் சொல்லும்போது பதில் தயாரித்துக்கொண்டே கேட்காமல், முழுமையாகக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் தேவனுடைய மகிமை குறைந்துவிடாது.

பறித்துக்கொண்டது சமுதாயம்தானா என்பதையும் தேவசமுகத்தில் அமர்ந்து யோசித்துப் பாருங்கள். இதை உங்களைக் குற்றப்படுத்தச் சொல்லவில்லை. விசுவாசத்தை விட்டுப்போன ஒரு வாலிபனிடம் ஏன் என்று கேட்டேன். பெரிய தத்துவம் எதையாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது இதுதான்: “ஐயா, எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே சித்தப்பாவைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். சொத்துத் தகராறு. ஒன்பது வருஷமாக அப்பா அவரோடு பேசுவதில்லை. ஆனால் பரமண்டல ஜெபத்தை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.” எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவனுடைய தகப்பனாரிடம்தான் போனேன். அவர் தம் தம்பியின் வீட்டுப் படி ஏற இன்னும் ஓராண்டு பிடித்தது. மகன் இன்னும் சபைக்குத் திரும்பவில்லை. ஆனால் அன்றைக்குத் தகப்பனை அங்கே அழைத்துக்கொண்டு போனவன் அவன்தான்.

கேள்வி: அலுவலகத்தில் மதிய உணவுக்கு முன் கண்களை மூடி ஜெபிப்பது என் வழக்கம். புதிதாக வந்திருக்கும் குழுவினர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மனதுக்குள் ஜெபித்துக்கொண்டால் போதாதா? அல்லது அது ஆண்டவரை மறுதலிப்பதாகுமா?

பதில்: தம்பி, மனதுக்குள் ஏறெடுக்கும் ஜெபத்தையும் தேவன் கேட்கிறார், மனுஷர் காண வேண்டுமென்று ஜெபிக்காதிருங்கள் என்று ஆண்டவரே எச்சரித்தார். கண்களை மூடுவது இரட்சிப்புக்கு ஒரு நிபந்தனை அல்ல. ஆனால் சிரிப்புக்குப் பயந்து நிறுத்தினால், அடுத்து எதை நிறுத்துவது என்பதையும் அந்தச் சிரிப்பே முடிவு செய்யும். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்று கட்டளை பிறந்தபோது, தானியேல் தன் மேலறையின் பலகணிகளைச் சாத்தவுமில்லை, எல்லாரும் காணத் தெருவில் போய் முழங்காற்படியிடவுமில்லை. “தான் முன் செய்துவந்தபடியே” ஜெபித்தான் என்று வேதம் சொல்கிறது.

நீங்களும் முன் செய்துவந்தபடியே செய்யுங்கள். நீட்டவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம். கேலி செய்கிறவர்களில் ஒருவர் உண்மையாகவே காரணம் கேட்டால், பேதுரு சொல்கிறபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். கேட்காதவரிடம் பிரசங்கிக்க வேண்டாம். அவர்களை விட்டுத் தனி மேசைக்கும் போய்விடாதீர்கள். நாளைக்கு ஆமென் சொல்லிக் கண்களைத் திறந்ததும், பக்கத்தில் இருப்பவரிடம், ஜெபிக்குமுன் அவர் பாதியில் நிறுத்திய பேச்சைத் தொடரும்படி கேளுங்கள்.